அம்மாவின் நடையும் எழுபத்தைந்து நிமிட இணைப்பும்

மாலை 6.50க்குப் புறப்பட வேண்டிய விமானத்தின் வாயிலுக்கு நானும் அம்மாவும் 6.39க்குப் போய்ச் சேர்ந்தோம். கண்ணாடிக்கு அப்பால் விமானம் நின்றுகொண்டுதான் இருந்தது. ஏறுபாலம்கூட இன்னும் அதைவிட்டு விலகவில்லை. ஆனால் வாயிற்கதவு பூட்டப்பட்டிருந்தது. மேசைக்குப் பின்னால் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்த பணியாளர் எங்கள் போர்டிங் பாஸ்களை வாங்கிப் பார்த்தார், சக்கர நாற்காலியில் இருந்த அம்மாவைப் பார்த்தார், பிறகு தணிந்த குரலில், பயணிகள் கணக்கை முடித்துவிட்டதாகச் சொன்னார். எங்களோடு முதல் விமானத்தில் வந்து இதே இணைப்பைப் பிடிக்க வேண்டியிருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் அந்த விமானத்துக்குள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களால் ஓட முடிந்தது, அம்மாவால் முடியாது.

தங்கைக்குக் குழந்தை பிறந்திருந்ததால் அம்மாவை அழைத்துக்கொண்டு புறப்பட்ட பயணம் அது. ஐரோப்பாவில் ஒரு பெரிய விமான நிலையத்தில் மாற வேண்டும். அன்றிரவு அங்கேயே விழித்திருந்தபோது மனத்தில் ஓடியவற்றையும், பிறகு படித்துத் தெரிந்துகொண்டவற்றையும் எழுதிவைக்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன். வயதான பெற்றோரைக் கடல் கடந்து அழைத்துச் செல்பவர்கள் நம்மில் ஏராளம். அவர்களுக்கு இது உதவ வேண்டும் என்பது என் உண்மையான விருப்பம்.

முதலில் அந்தப் பூட்டிய கதவைப் பற்றி. டிக்கெட்டில் உள்ள புறப்பாட்டு நேரம் என்பது விமானம் தான் நிற்கும் இடத்தைவிட்டு நகரத் தொடங்கும் நேரம். அதற்குள் ஏறியவர்களை எண்ணி, எடைக் கணக்கை முடித்து, கதவுகளைச் சாத்தியிருக்க வேண்டும் என்பதால், பல நிறுவனங்கள் 15 அல்லது 20 நிமிடங்களுக்கு முன்பே வாயிலை மூடிவிடுகின்றன. ஏறாமல் போன பயணியின் பெட்டி சரக்கறையில் இருந்தால் அதைத் தேடி இறக்கவும் நேரம் வேண்டும். 1985இலும் 1988இலும், பயணி ஏறாமல் பெட்டி மட்டும் ஏற்றப்பட்டதால் உள்ளே வந்த குண்டுகளால் இரண்டு பெரிய விமானங்கள் நடுவானில் சிதறின. ஆளையும் பெட்டியையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் நடைமுறை உலகெங்கும் இறுகியது அதன் பிறகுதான். எனவே வாயிலில் நிற்கும் பணியாளரிடம் மன்றாடுவதால் பயன் இல்லை. அவர் மனம் இரங்கினாலும் மூடிய கதவைத் திறக்கும் அதிகாரம் அவரிடம் இருப்பதில்லை. நான் அங்கே ஏழெட்டு நிமிடங்கள் மன்றாடினேன். அந்த நேரத்துக்குள் மாற்றுப் பயணத்துக்கான கவுண்ட்டரில் எனக்கு முன்னால் இன்னும் பதினைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள்.

எங்கள் முதல் விமானத்தின் தாமதம் வெறும் 35 நிமிடம்தான். புறப்படும் முன் சரக்கறைக் கதவின் எச்சரிக்கை விளக்கு அணையவில்லை என்றும், பொறியாளர் வந்து பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றும் விமானி அறிவித்தார். அவர் சொன்னதை நேரத்தோடு கைபேசியில் குறித்துக்கொண்டேன்; பொழுது போகாமல் செய்த அந்தக் காரியம் பின்னால் பெரிதும் பயன்பட்டது. டிக்கெட்டில் இருந்த இணைப்பு இடைவெளி 75 நிமிடம். இணையத்தில் அந்த டிக்கெட்டை வாங்கியபோது, நிறுவனமே விற்கும் இடைவெளி போதுமானதாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும், எந்த டெர்மினலிலிருந்து எந்த டெர்மினலுக்கு, எந்த வகைப் பயணத்திலிருந்து எந்த வகைக்கு என்று பிரித்து, குறைந்தபட்ச இணைப்பு நேரம் என ஒன்றை வகுத்திருக்கிறார்கள். முன்பதிவுக் கணினி அந்த எல்லைக்கு மேல் உள்ள எதையும் தயங்காமல் விற்கும். அந்தக் கணக்கில் வழி தெரிந்து விரைந்து நடக்கும் கால்கள் இருக்கின்றன. எழுபத்து மூன்று வயது முழங்கால்கள் இல்லை.

சக்கர நாற்காலி கேட்டுவிட்டோம், எனவே நேரம் மிச்சமாகும் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். நடைமுறை நேர்மாறானது. உதவி கோரிய பயணிகள் பொதுவாக எல்லோரும் இறங்கிய பிறகே இறக்கப்படுகிறார்கள். விமானம் 6.10க்குக் கதவைத் திறந்தது. கடைசிப் பயணி இறங்கி, நாற்காலியோடு உதவியாளர் வாசலுக்கு வந்து, நாங்கள் பாலத்தில் கால் வைத்தபோது 6.22 ஆகியிருந்தது. ஐரோப்பாவுக்கு வெளியேயிருந்து வருபவர்களுக்கு இணைப்பின்போது பாதுகாப்புச் சோதனை பெரும்பாலும் மறுபடியும் உண்டு. அங்கே அம்மாவின் இன்சுலின் பையைத் திறந்து, குளிரூட்டும் பொதிகளைத் தனியே எடுத்து, மருத்துவரின் கடிதத்தைப் படித்துப் பார்க்க நான்கைந்து நிமிடங்கள் ஆயின. அந்தப் பெண்மணி தன் கடமையைத்தான் செய்தார், கனிவாகவே செய்தார். ஆனால் அவருக்குப் பின்னால் இருந்த கடிகாரத்தின் முள்ளைத் தவிர வேறெதுவும் என் கண்ணில் படவில்லை. "நீ முன்னால ஓடிப்போய் அவங்ககிட்ட சொல்லுப்பா, நான் வந்துடறேன்" என்றார் அம்மா. மொழி தெரியாத இடத்தில், இன்சுலின் பையோடு அவரைத் தனியே விட்டுவிட்டு ஓட என்னால் முடியவில்லை. இன்று கேட்டாலும் அப்படித்தான் செய்வேன்.

ஆகவே பெரியவர்களோடு செல்லும்போது இடைவெளியை மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன். கூடவே, அன்றைய கடைசி விமானத்தில் இணைப்பு வைக்காமல் இருப்பதும் அதே அளவு முக்கியம் என்று கருதுகிறேன். அதைத் தவறவிட்டால் மறுநாள் காலைவரை வேறு வழியே இருக்காது. எங்களுக்கு நேர்ந்தது அதுதான். உதவிக் கோரிக்கையிலும் வகைகள் உண்டு. படி ஏறி இறங்கக் கூடியவர், ஆனால் நெடுந்தூரம் நடக்க முடியாதவர் என்றால் டபிள்யூசிஹெச்ஆர். படி ஏற முடியாதவர் என்றால் டபிள்யூசிஹெச்எஸ். இருக்கைவரை தூக்கிச் செல்லப்பட வேண்டியவர் என்றால் டபிள்யூசிஹெச்சி. எந்த வகை என்பதைச் சரியாகச் சொல்லி, பயணத்தின் ஒவ்வொரு விமானத்துக்கும் அது பதிவாகியிருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்ய வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1107/2006 எண்ணுள்ள விதியின்படி குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பே இதைத் தெரிவித்திருக்க வேண்டும். நாங்கள் தெரிவித்திருந்தோம். ஆனால் இணைப்பு நேரம் குறைவு என்பதைத் தரையிறங்கும் முன்பே விமானப் பணிப்பெண்களிடம் சொல்லி, முன்கதவுக்கு அருகே இடம் மாற்றித் தரக் கேட்டிருக்கலாம். அது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

கவுண்ட்டர் வரிசையில் எனக்கு முன்னால் இருபத்திரண்டு இருபத்து மூன்று வயதுள்ள மாணவன் ஒருவன் நின்றிருந்தான். மேற்படிப்புக்காக முதன்முறை வெளிநாடு செல்பவன். அவனுக்கு நேர்ந்ததை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. பணத்தை மிச்சப்படுத்துவதற்காக இரண்டு நிறுவனங்களில் இரண்டு டிக்கெட்டுகளைத் தனித்தனியாக வாங்கியிருந்தான். முதல் விமானம் தாமதமாகி, இரண்டாவது போய்விட்டது. முதல் நிறுவனத்தைக் கேட்டால், உங்களை இந்த ஊர்வரை கொண்டுவந்து சேர்த்துவிட்டோம் என்றது. இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை அவன் நேரத்துக்கு வராத பயணி, அவ்வளவே. அவன் கையில் இருந்த இரண்டாவது டிக்கெட் வெறும் காகிதமாகிவிட்டது. அதைவிடப் பெரிய சிக்கல், அவனுடைய பெட்டி இந்த ஊர்வரைக்கும்தான் பதிவு செய்யப்பட்டிருந்தது. அதை எடுக்கக் குடிவரவுச் சோதனையைக் கடந்து வெளியே போக வேண்டும். வெளியே போக அந்த நாட்டு விசா வேண்டும். அது அவனிடம் இல்லை.

முழுப் பயணமும் ஒரே முன்பதிவில், ஒரே பிஎன்ஆர் எண்ணில் இருந்தால், வழியில் எந்தத் துண்டு அறுந்தாலும் கடைசி ஊர்வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது. தனித்தனியாக வாங்கினால் அந்தப் பொறுப்பு நம் தலையில் விழுகிறது. விலை வித்தியாசத்தைப் பார்க்கும்போது இது கண்ணுக்குத் தெரிவதில்லை. பயணத் தளங்கள் சில, தனித்தனி டிக்கெட்டுகளை ஒரே பயணம் போலச் சேர்த்துக் காட்டுவதால் வாங்குபவருக்கே பல நேரம் தெரிவதில்லை. பணம் கட்டும் முன், இது ஒரே முன்பதிவா, பெட்டி கடைசி ஊர்வரை செல்லுமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் அறிந்த மாணவர்கள் எல்லோரிடமும் இப்போது வற்புறுத்திச் சொல்லிவருகிறேன்.

வரிசை நகராமல் நின்றபோது, நிறுவனத்தின் செயலியைத் திறந்து பார்த்தேன். கணினி எங்களுக்கு ஏற்கெனவே மாற்றுப் பயணம் ஒன்றை ஒதுக்கியிருந்தது: மறுநாள் அதிகாலையில் வேறொரு ஐரோப்பிய நகரத்துக்குச் சென்று, அங்கிருந்து கடல் கடந்து செல்லும் விமானம். முதலில் நிம்மதியாக இருந்தது. சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது, அந்த இரண்டு நகரங்களும் ஷெங்கன் பகுதிக்குள், அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் கூட்டுப் பகுதிக்குள், இருக்கின்றன. அப்பகுதிக்குள் ஒரு நகரிலிருந்து இன்னொன்றுக்குப் பறப்பது உள்நாட்டுப் பயணம் போன்றது; அதற்குக் குடிவரவைக் கடந்து உள்ளே நுழைய வேண்டும்; எங்களிடம் ஷெங்கன் விசா இல்லை. காலியிடத்தைத் தேடிப் பிடிக்கத் தெரிந்த கணினிக்குப் பயணியின் விசா நிலவரம் தெரியவில்லை. கவனிக்காமல் ஒப்புக்கொண்டு தூங்கியிருந்தால், அதிகாலையில் குடிவரவு மேசையில் திருப்பி அனுப்பப்பட்டு இரண்டாவது விமானத்தையும் இழந்திருப்போம். அமெரிக்கா வழியாக மாற்றிவிடப்படுபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே வெறுமனே விமானம் மாறிச் செல்பவர்களும் நாட்டுக்குள் நுழைபவர்களைப் போலவே குடிவரவுச் சோதனைக்கு உட்பட வேண்டும், அதற்கான விசாவும் வேண்டும், பெரும்பாலும் பெட்டியையும் முதல் நுழைவிடத்திலேயே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும்.

எனவே வரிசையில் நின்றபடியே நானே தேடினேன். காலை 7.25க்கு, எங்கள் விமான நிறுவனத்தின் கூட்டணியைச் சேர்ந்த வேறொரு நிறுவனத்தின் நேரடி விமானம் இருந்தது. அதன் எண்ணை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டேன். ஐம்பது நிமிடக் காத்திருப்புக்குப் பின் எங்கள் முறை வந்தபோது, கவுண்ட்டரில் இருந்த பெண்ணிடம் நடந்ததை இரண்டு வாக்கியத்தில் சொல்லி, விசாச் சிக்கலை ஒரு வாக்கியத்தில் விளக்கி, அந்தத் தாளை நீட்டினேன். அவர் முகத்தில் இருந்த களைப்பு சற்றுத் தளர்ந்ததைப் பார்க்க முடிந்தது. அன்று மாலை முழுதும் அவர் முன் நின்றவர்கள் என்ன செய்யலாம் என்று கேட்டிருப்பார்கள், அல்லது கத்தியிருப்பார்கள். தேடல் வேலையை முடித்துக்கொண்டு வந்தவர்கள் குறைவு. நான்கு நிமிடத்தில் புதிய போர்டிங் பாஸ்கள் கையில் இருந்தன.

அந்த ஐம்பது நிமிடக் காத்திருப்பு தேவையற்றது என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். தாமதம், ரத்து ஆகியவற்றில் பயணிகளின் உரிமைகளை வகுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 எண்ணுள்ள விதியின் 11ஆம் பிரிவு, நடமாட்டம் குறைந்தவர்களுக்கும் அவர்களுடன் வருபவர்களுக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்கிறது. உணவும் தங்குமிடமும் அவர்களுக்கு இயன்ற அளவு விரைவில் தரப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. ஒரு சொல் கேட்டிருந்தால் அம்மா அவ்வளவு நேரம் அந்த வெளிச்சத்திலும் இரைச்சலிலும் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. சட்டம் தந்திருந்த ஒன்றைக் கேட்கத் தெரியாமல் போனதே என்பதுதான் அந்த இரவைப் பற்றி எனக்கு இருக்கும் மிகப் பெரிய ஆதங்கம்.

ஹோட்டல் சீட்டுத் தந்தார்கள். ஆனால் ஹோட்டல் நிலையத்துக்கு வெளியே இருந்ததால் அதுவும் விசாவுக்கு அப்பால் போய்விட்டது. உணவுச் சீட்டும் இரண்டு போர்வைகளும் வாங்கிக்கொண்டு, கைப்பிடி இல்லாத நீள இருக்கை ஒன்றைத் தேடிப் பிடித்து அம்மாவைப் படுக்க வைத்தேன். அந்த நேரத்தில் எங்களைக் காப்பாற்றியது கைப்பையில் இருந்த மருந்து. இன்சுலினைச் சரக்கறைப் பெட்டியில் வைக்கவே கூடாது. அங்கே அது உறைந்து பயனற்றுப் போகக்கூடும் என்பது ஒரு காரணம், பெட்டி நம்மோடு வந்து சேரும் என்பதற்கு உறுதி இல்லை என்பது இன்னொரு காரணம். பயண நேரத்தைப்போல இரு மடங்கு காலத்துக்கான மருந்தைக் கையில் வைத்திருந்தோம். அம்மா சட்டைக் கைகளை மடித்துவிட்டுக்கொண்டு, ஊசிப் பேனாவின் அளவுச் சக்கரத்தை ஒவ்வொரு சொடுக்காக எண்ணித் திருப்பினார். கைபேசி விளக்கை நான் பிடித்துக்கொண்டேன். காலையிலிருந்து கடந்த நேர மண்டலங்களையும், கடைசியாகச் சாப்பிட்ட வேளையையும் கணக்கிட்டு, எந்த அளவு எப்போது போட வேண்டும் என்று மருத்துவர் எழுதித் தந்திருந்த தாளை அன்று எத்தனை முறை விரித்துப் படித்தேன் என்பது எனக்கே நினைவில்லை. பயணத்துக்கு முன் மருத்துவரிடம் கேட்கும்போது, ஒரு நாள் தாமதமானால் என்ன செய்வது என்பதையும் சேர்த்துக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி இழப்பீடு. மேற்சொன்ன 261/2004 விதி, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து புறப்படும் எல்லா விமானங்களுக்கும், வெளியேயிருந்து ஒன்றியத்துக்கு வரும் விமானங்களில் ஐரோப்பிய நிறுவனங்கள் இயக்குபவற்றுக்கும் பொருந்தும். ஒரே முன்பதிவில் இணைப்பு தவறினால், கடைசி ஊருக்கு எவ்வளவு தாமதமாகச் சேர்ந்தோம் என்பதே கணக்கு. மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் தூரத்தைப் பொறுத்து 250, 400 அல்லது 600 யூரோ ஒவ்வொரு பயணிக்கும் உண்டு. சேர்ந்த நேரம் என்பது சக்கரங்கள் தரையைத் தொட்ட நேரம் அன்று, விமானத்தின் ஒரு கதவாவது திறக்கப்பட்ட நேரம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்திருக்கிறது. சில நிமிடங்களில் தொகையே மாறும் இடங்களில் இது முக்கியமாகிறது. புயல், மூடுபனி, வான்வெளி மூடல் போன்ற அசாதாரணச் சூழல் காரணம் என்றால் இந்தத் தொகை கிடைக்காது. ஆனால் உணவும் தங்குமிடமும் தரும் கடமை அப்போதும் நீடிக்கும். இந்த விதியைத் திருத்தும் பேச்சுகள் நடந்துவருவதால், பயணத்துக்கு முன் அப்போதைய நிலையைப் பார்த்துக்கொள்வது நல்லது.

என் கடிதத்துக்கு நிறுவனத்தின் முதல் பதில், தாமதம் செயல்பாட்டுக் காரணங்களால் ஏற்பட்டது என்று இரண்டே வரியில் வந்தது. விமானியின் அறிவிப்பையும் அதன் நேரத்தையும் குறிப்பிட்டு, வழக்கமான இயந்திரக் கோளாறு அசாதாரணச் சூழலாகப் பொதுவாகக் கருதப்படாது என்ற 2008ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் சுட்டிக்காட்டி மறுபடி எழுதினேன். ஐந்து வாரங்களில் இருவருக்குமான தொகையும் வந்து சேர்ந்தது.

ஐரோப்பாவோடு தொடர்பில்லாத பயணங்களுக்கு, 1999இல் மாண்ட்ரியலில் கையெழுத்தான உடன்படிக்கை துணை நிற்கிறது. பெரும்பாலான நாடுகள் அதில் சேர்ந்திருக்கின்றன. அதில் நிலையான தொகை கிடையாது. தாமதத்தால் நமக்கு உண்மையில் ஏற்பட்ட செலவைக் காட்ட வேண்டும், நிறுவனம் நியாயமான எல்லா நடவடிக்கைகளையும் எடுத்திருந்தால் அதன் பொறுப்பு நீங்கிவிடும். ஒவ்வொரு ரசீதையும் பத்திரப்படுத்தச் சொல்வது இதனால்தான். வழக்குத் தொடர இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு.

மறுநாள் தங்கை ஊரில் இறங்கியபோது எங்கள் பெட்டிகள் வரவில்லை. விமான நிலையத்தைவிட்டு வெளியேறும் முன்பே உடைமைக் கவுண்ட்டரில் புகார் பதிந்து அதன் எண்ணை வாங்கிக்கொண்டோம். போர்டிங் பாஸின் பின்பக்கம் ஒட்டித் தரும் சின்னஞ்சிறு ஸ்டிக்கரில் உள்ள பத்து இலக்க எண்தான் அங்கே கேட்கப்பட்ட முதல் கேள்வி. பலர் அதைக் கிழித்து எறிந்துவிடுகிறார்கள். மேற்சொன்ன மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி, பெட்டி தாமதமானால், அது கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். சேதமடைந்திருந்தால் 7 நாட்கள்தான். பெட்டிகளுக்கான பொறுப்பின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 சிறப்பு எடுப்பு உரிமைகள். இது பன்னாட்டு நிதியம் மதிப்பு வகுக்கும் அலகு என்பதால் நாட்டு நாணயத்தில் தொகை நாள்தோறும் சற்றே மாறும். எங்கள் பெட்டிகள் மூன்றாம் நாள் வீட்டு வாசலுக்கே வந்தன. அதுவரை அம்மா தங்கையின் உடைகளைக் கட்டிக்கொண்டு பேத்தியை மடியில் வைத்திருந்தார்.

அடுத்த மாதம் அம்மா திரும்புகிறார். அழைத்துவர நான் போகிறேன். டிக்கெட் ஒரே முன்பதிவில் எடுத்தாயிற்று. இடைவெளி மூன்று மணி ஐம்பது நிமிடம்; அதற்குப் பிறகும் அன்றே இன்னொரு விமானம் இருக்கிறது. இரண்டு விமானங்களுக்கும் சக்கர நாற்காலிக் கோரிக்கை பதிவாகியிருப்பதை நேற்று தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொண்டேன், முன்கதவுக்கு அருகில் இரண்டு இருக்கைகளும் கேட்டு வாங்கிவிட்டேன்.